நாயையும் கூட்டிக்கொண்டு மலையேறப் போறது: எல்லாரும் கேக்கிற கேள்விகளும் என்ட பதில்களும்

போன மாசியில நாங்கள் கொழும்பு வெள்ளவத்தையில இருந்து, ஹட்டனுக்குக் கிட்ட இருக்கிற டிக்கோயாப் பக்கம் ஒருநாள் மலையேறப் போனம். நான், இவர், பிள்ளைகள் ரெண்டு பேர் (12 வயசும் 6 வயசும்), அம்மா, தம்பி, பிறகு டொஃபி. டொஃபி எங்கட நாய், நாலு வயசு, ஒரு சாதியும் இல்லை, எங்கட ஒழுங்கை வாசலில மழைக்குள்ள நனைஞ்சு கிடந்த குட்டியைத் தூக்கி வளத்தது. போட்டோ பாத்த நாளில இருந்து சொந்தக்காரர், ஒபிஸ் ஆக்கள், மாடிவீட்டு அன்ரி எண்டு எல்லாரும் அதே கேள்வியளைத்தான் திருப்பித் திருப்பிக் கேக்கினம், அதால எல்லாத்துக்கும் ஒரேயடியா இதில எழுதிப்போட்டன்.

நாயைக் கூட்டிக்கொண்டு எந்த மலைக்குப் போகலாம்? ஹோர்ட்டன் பிளேன்ஸ் போகலாமோ?

ஏலாது. எல்லாரும் முதல் கேக்கிறதே அதைத்தான். ஹோர்ட்டன் பிளேன்ஸ் 1988ல இருந்து தேசிய பூங்கா, கேட்டிலயே பையைத் திறந்து பொலித்தீன் பாக்கிறவை நாயை உள்ள விடுவினமோ? மணித்தியாலக் கணக்கில ஓடிப்போய் கேட்டில நிண்டு ஒராள் நாயோட வானுக்குள்ள இருக்க, மற்றவை உலக முடிவு எண்ட மலை விளிம்பைப் பாத்திட்டு வாற கதைதான் நடக்கும். சிங்கராஜவும் அப்பிடித்தான், நக்கிள்ஸ் பாதுகாப்புக் காட்டுக்கும் நாயோட போக யோசிக்காதேங்கோ.

"எங்கட நாய் ஒண்டும் செய்யாது, பாவம்" எண்டு எல்லாரும் சொல்லுவினம், நானும் சொன்னனான். கடிக்கிறது மட்டும் இல்லை பிரச்சினை, நோய். வீட்டு நாயிட்ட இருக்கிற டிஸ்டெம்பர் காட்டு மிருகத்துக்குத் தொத்தும், 1994ல ஆபிரிக்காவில செரங்கெட்டிப் பக்கம் ஆயிரம் சிங்கம் மட்டில செத்தது அந்த வைரஸாலதான். எங்கட மலையில மிஞ்சி இருக்கிற சிறுத்தைகளுக்கு அது பரவினா என்ன நடக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ.

சிவனொளிபாத மலையும் வேண்டாம். 5,000க்கு மேல படி, சீசன் நேரம் சனம் நெருக்கம், நாயின்ட காலை மிதிச்சுப் போடுவினம், அதோட அது சாமி கும்பிடப் போற இடம். அங்க தானா ஏறித் திரியிற நாய்கள் இருக்குத்தான், அதுகள் அந்த இடத்து நாய்கள், எங்கட கதை வேற.

அப்ப மிச்சம் என்ன இருக்கு? கனக்க இருக்கு. தேயிலைத் தோட்டத்து ரோட்டுகள், தோட்டத்துக்கு மேல இருக்கிற பைனஸ் காடு, யூக்கலிப்டஸ் காடு, அதைத் தாண்டின சின்னக் குன்றுகள். பேர் இல்லாத மலையள்தான் நாயோட போக நல்லது. ஆனா தோட்டம் எண்டது கொம்பனிக் காணி, சும்மா ஏறிப் போகேலாது, தோட்டத்து ஒபிசிலயோ வோச்சரிட்டயோ ஒரு சொல்லு கேட்டிட்டுப் போங்கோ. மேல இருக்கிற காடு ஆற்ற பொறுப்பு எண்டதையும் அவையிட்டயே கேட்டால் சரியாச் சொல்லுவினம்.

நீங்கள் போன இடத்தின்ட பேர் என்ன?

சொல்லமாட்டன், கோவிக்காதேங்கோ. தம்பியோட படிச்ச பெடியன்ட அப்பா அந்தத் தோட்டத்தில வேலை, அவர் எங்களுக்காகக் கேட்டுத்தான் விட்டவை. பேரைப் போட்டா அடுத்த போயா லீவுக்கு பத்து வான் வந்து நிக்கும், பிறகு அவருக்குத்தான் கரைச்சல். மலைநாட்டில தெரிஞ்ச ஒராள் இல்லாத தமிழ் வீடு கொழும்பில இருக்கோ? கேட்டுப் பாருங்கோ.

எந்த மாசம் நல்லது?

ஹட்டன் பக்கம் எண்டா மார்கழிக் கடைசியில இருந்து பங்குனி நடுப்பகுதி மட்டும். வைகாசி வந்தா தென்மேல் பருவமழை தொடங்கிடும், வழியில இருக்கிற வட்டவளை இலங்கையிலயே மழை கூட விழுற இடங்களில ஒண்டு. சித்திரையில காலமை வெயில் நல்லா எறிக்கும், பின்னேரம் ரெண்டு மணிக்கு இடி மின்னல், மேட்டில நிக்கேக்க அது விளையாட்டு இல்லை.

மழை பெய்ஞ்ச கிழமை எண்டா தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடுற மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கோ. மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு எண்டு மூண்டு நிலை, என்னைக் கேட்டா மஞ்சளிலயே பயணத்தை நிப்பாட்டுங்கோ. 2025 நவம்பர் கடைசியில டித்வா புயலோட மலைநாட்டில எத்தினை இடம் சரிஞ்சது எண்டு எல்லாருக்கும் தெரியும், போன வருசம் போன பாதை இந்த வருசமும் இருக்கும் எண்டு நம்பிப் போகேலாது.

எப்பிடிப் போறது? பஸ்ஸில நாயை ஏத்துவினமோ?

பஸ்ஸை மறந்திடுங்கோ, சொந்த வாகனம் இல்லாட்டி வான். வான் பிடிக்கிறதெண்டா நாய் வரும் எண்டதை கதைக்கிற முதல் நாளே சொல்லுங்கோ. நாங்கள் சொல்லேல்லை. விடிய மூண்டரைக்கு வான்காரர் வந்து டொஃபியைப் பாத்திட்டு "இது என்ன" எண்டார், ஏத்தவே மாட்டன் எண்டிட்டார், எல்லாருமா ரோட்டில நிண்டு கெஞ்சி, பழைய படுக்கை விரிப்பு ரெண்டை சீற்றுக்கு மேல விரிச்சு, வான் கழுவிற காசும் தாறம் எண்ட பிறகுதான் கதவைத் திறந்தார். அவரில பிழை சொல்ல ஏலாது, பிழை எங்கட. (வரேக்க அவர்தான் டொஃபிக்கு பிஸ்கட் வாங்கிக் குடுத்தவர், அது வேற கதை.)

ஹைலெவல் ரோட்டால அவிசாவளை, பிறகு யட்டியாந்தோட்டை, கித்துல்கல, கினிகத்தேனை, ஹட்டன். கிட்டத்தட்ட 130 கிலோமீட்டர், நாலு மணித்தியாலம் வையுங்கோ. நாலு மணிக்கு வெளிக்கிட்டா எட்டு எட்டரைக்கு நடக்கத் தொடங்கலாம், அதுக்குப் பிந்தினா மத்தியானம் பனிமூட்டம் இறங்கி ஒண்டும் தெரியாது.

வளைவில நாய் சத்தி எடுக்காதோ?

எடுக்கும். கித்துல்கல தாண்டி கினிகத்தேனைக்கு ஏறுற வளைவுகளில எங்கட சின்னவளும் டொஃபியும் அஞ்சு நிமிச வித்தியாசத்தில எடுத்தவை. வெளிக்கிட மூண்டு மணித்தியாலத்துக்கு முதலே நாய்க்குச் சாப்பாட்டை நிப்பாட்டுங்கோ, தண்ணி கொஞ்சம் கொஞ்சமாக் குடுக்கலாம். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து விடுங்கோ, தலையை வெளியில விட விடாதேங்கோ, எதிர்ப்பக்கத்தால பஸ் வாற விதம் தெரியும்தானே. எங்களுக்குப் போடுற சத்திக் குளிசையை நாய்க்குப் பாதி உடைச்சுக் குடுக்கிற வேலை வேண்டாம், மிருக வைத்தியரிட்டக் கேட்டு வாங்குங்கோ.

அட்டைக்கு என்ன செய்யிறது?

இதுதான் கூடக் கேட்ட கேள்வி. மழை விட்டு ரெண்டு கிழமை கழிஞ்ச இடத்திலயும் நிழல் பக்கம் அட்டை இருக்கும். நீட்டுக் காற்சட்டையை சொக்ஸுக்குள்ள சொருகுங்கோ, சொக்ஸுக்கு மேல சன்லைட் சவுக்காரத்தை ஈரமாக்கித் தேயுங்கோ, தோட்டத்துப் பொம்பிளையள் செய்யிறது அதுதான். அம்மா சித்தாலேப தைலத்தைக் காலுக்குப் பூசிக்கொண்டு வந்தா, அவவில ஒரு அட்டையும் ஏறேல்லை, ஆனா அதை நாய்க்குப் பூசவே கூடாது, அதில கற்பூரம் இருக்கு, நாய் நக்கும், நக்கினா விஷம்.

நாய்க்கு அட்டை ஏறுற இடம் விரல் இடுக்கு, காதுக்கு உள்பக்கம், உதட்டு ஓரம், சிலவேளை மூக்கு. அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கா நிப்பாட்டி நாலு பாதத்தையும் விரிச்சுப் பாருங்கோ. கண்டா இழுக்காமல், நகத்தை தோலோட ஒட்டிவச்சு வாய்ப் பக்கத்தைத் தள்ளி விடுங்கோ, கழண்டிடும். பிறகும் கொஞ்ச நேரம் ரத்தம் வடியும், அட்டையின்ட எச்சிலில ரத்தம் உறையவிடாத ஒரு சாமான் இருக்கு, பயப்பிடாதேங்கோ. மூக்குக்குள்ள போனால் மட்டும் உப்பு, தேசிக்காய் எண்டு ஒண்டும் விடாதேங்கோ. நாய் தும்மிக்கொண்டே இருந்து ஒரு மூக்கால ரத்தம் வந்தா டொக்டரிட்டக் கொண்டு போங்கோ.

காட்டுக்குள்ளதானே, கயிறை அவிட்டு விட்டா என்ன?

விடாதேங்கோ. இந்த ஒரு கேள்விக்கு மட்டும் நீட்டா எழுதப் போறன்.

நாங்கள் விட்டனாங்கள். பைனஸ் காட்டுக்குள்ள ஒரு போட்டோவுக்கு எண்டு தம்பி கயிறைக் கழட்டினான், ரெண்டு நிமிசம்தான், ஏதோ ஒரு காட்டுக்கோழி சரசரக்க டொஃபி பாய்ஞ்சு போச்சுது. கூப்பிட்டம், கத்தினம், சின்னவள் அழத் தொடங்கிட்டாள். இருபது நிமிசம் கழிச்சு மூத்தவன்தான் கண்டான், ஒரு சின்ன ஒற்றையடிப் பாதையில அது மணந்துகொண்டு நிக்குது. கிட்டப் போய்க் கழுத்துப் பட்டியைப் பிடிச்ச பிறகுதான் பாத்தம், அதின்ட முன்னங்காலில இருந்து ஒரு முழம் தள்ளி, ரெண்டு தடிக்கு நடுவில, எங்கட முழங்கால் உயரத்துக்கு ஒரு வட்டம் தொங்குது. சைக்கிள் பிரேக் கேபிள் மாதிரி, துருப்பிடிச்ச நிறம், பைனஸ் சருகுக்குள்ள நிறமே தெரியாது. காட்டுப் பண்டிக்குக் கட்டின சுருக்குக் கம்பி.

மரக்கறித் தோட்டத்தைப் பண்டி கிண்டும், அதால சிலர் கட்டுவினம், இறைச்சிக்கும் கட்டுவினம். கம்பிக்கு பண்டி, நாய், சிறுத்தை எண்ட வித்தியாசம் இல்லை. 2020 மே மாசம் நல்லதண்ணிப் பக்கம் ஒரு கருஞ்சிறுத்தை இப்பிடித்தான் மாட்டுப்பட்டு, உடவளவைக்குக் கொண்டு போயும் காப்பாத்த ஏலாமல் செத்தது, உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நாய் மாட்டுப்பட்டா இழுக்க இழுக்க இறுகும். அந்த நேரம் ஒராள் நாயை அசையாமல் அமத்திப் பிடிக்க மற்றாள் தடிப் பக்கத்தால கம்பியைத் தளர்த்த வேணும், அதுக்கு ஒரு குறடு பையில இருக்கட்டும். நாங்கள் இப்ப குறடு இல்லாமல் போறேல்லை.

மற்றது குளவி. தோட்டத்தில கொழுந்து பறிக்கிற ஆக்களுக்கு குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போன செய்தி பேப்பரில எத்தினை தரம் வரும். நாய் புதரைக் கிண்டினா குளவி வாறது நாய்க்கு மட்டும் இல்லை, பின்னால நிக்கிற பிள்ளைக்கும்தான். சென்ட் பூசிக்கொண்டு போகவேண்டாம், பாட்டுப் பெட்டி வேண்டாம், கூட்டைக் கண்டா பேசாமல் திரும்புங்கோ.

சிறுத்தை பற்றியும் கேக்கினம். பகலில கூட்டமாப் போற ஆக்களுக்குக் கிட்ட அது வராது, ஆனா லயத்து (தோட்டத்து ஆக்கள் இருக்கிற வரிசை வீடு) நாய்களைத் தூக்கிக்கொண்டு போறது நடக்கிற விசயம்தான். அதால விடியப்புறமும் பொழுதுபட்ட பிறகும் நாயோட காட்டு ஓரத்தில நிக்கவேண்டாம். நாலு மணிக்கு வானடிக்கு வந்திடுங்கோ.

ரெண்டு மீற்றர் கயிறு காணும். கழுத்துப் பட்டியை விட நெஞ்சோட சேத்துப் போடுற ஹார்னஸ் நல்லது, ஏத்தத்தில தூக்கியும் விடலாம். பட்டியில போன் நம்பர் எழுதுங்கோ.

தண்ணி அருவியில குடிக்க விடலாமோ?

மேல காட்டுக்குள்ள இருந்து வாற ஓடும் தண்ணி எண்டாலும் நான் விடமாட்டன், நாய்க்கு எலிக்காய்ச்சல் வரும், அதுக்கு ஊசி போட்டிருக்கோ எண்டு கார்டைப் பாருங்கோ. தேயிலை மலைக்குக் கீழ இருக்கிற கான் தண்ணி எண்டா வாயே வைக்க விடாதேங்கோ. களைக்கு மருந்தடிச்சிருப்பினம். போகேக்க வழியில நிக்கிற ஆக்களிட்ட "இண்டைக்கு எந்த மலைக்கு மருந்தடிச்சது" எண்டு கேளுங்கோ, கையைக் காட்டுவினம், அந்தப் பக்கம் போகாதேங்கோ. மருந்தடிச்ச புல்லில நடந்திட்டு நாய் பாதத்தை நக்கினாலே காணும்.

இதில ஒரு வெக்கமான கதை இருக்கு. ஏறேக்க லயத்துக்கு மேல ஒரு பீலி, மூங்கில் குழாயால தண்ணி விழுந்து ஒரு சின்னத் தொட்டியில நிரம்புது. டொஃபி கயிறோடயே இழுத்துக்கொண்டு போய் தொட்டிக்குள்ள நாலு காலோடயும் இறங்கிட்டுது. நாங்கள் சிரிச்சுக்கொண்டு வீடியோ எடுக்கிறம். குடத்தோட வந்த ஒரு அம்மா சத்தம் போடேல்லை, "நாயப் புடிங்கம்மா, இது நாங்க குடிக்கிற தண்ணி" எண்டா, அவ்வளவுதான். எனக்கு முகத்தை எங்க வைக்கிறது எண்டு தெரியேல்லை. இவரும் தம்பியும் தொட்டியை இறைச்சுக் கழுவி, திரும்ப நிரம்புமட்டும் முக்கால் மணித்தியாலம் நிண்டனாங்கள். அந்த அம்மா அதுக்குள்ள எங்களுக்கு பிளேன்ரீ ஊத்திக்கொண்டு வந்தா. ஆனபடியா நாயின்ட கழிவையும் பையில அள்ளுங்கோ, காடுதானே எண்டு விடாதேங்கோ, மலையில மேல கிடக்கிறது எல்லாம் கீழ ஆற்றயோ குடத்துக்குள்ளதான் வரும்.

எங்கட டொஃபிக்கு ரெண்டு லீற்றர் கொண்டு போனம், ஒண்டரை முடிஞ்சுது. மடிக்கிற ரப்பர் கோப்பை இல்லாட்டி ஐஸ்கிறீம் டப்பா காணும்.

சாப்பாடு?

எங்களுக்கு இடியப்பப் பார்சல், சம்பல், கட்லட். நாய்க்கு வழமையாச் சாப்பிடுறதுதான், கொஞ்சம் கொஞ்சமா. கட்லட்டில வெங்காயம் இருக்கு, நாய்க்கு ஆகாது, சொக்லட்டும் திராட்சையும் முந்திரிகை வத்தலும் ஆகவே ஆகாது. பிள்ளைகளிட்ட முதலே சொல்லி வையுங்கோ, அதுகள்தான் பாசத்தில ஒளிச்சுக் குடுக்கிறது.

கொழும்பு நாய் குளிருக்குத் தாங்குமோ?

குளிரை யோசிக்காதேங்கோ, சூட்டை யோசியுங்கோ. ஹட்டன் கிட்டத்தட்ட 1,270 மீற்றர் உயரம், கொழும்பை விட எட்டு டிகிரி மட்டில குறைவா இருக்கும், பகலில நடக்கிற நாய்க்கு அது சுகம். ஆனா நாய் எங்களை மாதிரி வேர்க்காது, நாக்கைத் தொங்கவிட்டு இளைச்சுத்தான் சூட்டை வெளியேத்தும், காட்டுக்குள்ள ஈரப்பதன் கூட எண்டா அந்த இளைப்பும் பெரிசா வேலை செய்யாது. கித்துல்கல மாதிரி தாழ்வான, புழுக்கமான காட்டில இது இன்னும் மோசம். பக் மாதிரி சப்பை மூக்கு நாய் எண்டா மலையேத்தமே வேண்டாம், ரோட்டில கொஞ்சம் நடந்திட்டு வாங்கோ.

நாக்கு கடுஞ்சிவப்பா வந்து, எச்சில் பிசுபிசுத்து, தள்ளாடினா உடன நிழல், வயித்துக்கும் தொடை இடுக்குக்கும் தண்ணி ஊத்தி விசிறுங்கோ, பிறகு டொக்டர். வெயிலில நிப்பாட்டின வானுக்குள்ள நாயை விட்டிட்டு தேத்தண்ணி குடிக்கப் போகாதேங்கோ, பத்து நிமிசத்தில உள்ள பத்து டிகிரி ஏறும்.

வயசுபோன ஆக்களும் வரலாமோ? எவ்வளவு தூரம் நடந்தீங்கள்?

போய்வர ஆறு கிலோமீட்டர் மட்டில, நாலரை மணித்தியாலம். அம்மாவுக்கு 68, முழங்கால் நோ. முதல் ரெண்டு கிலோமீட்டர் தோட்டத்து ரோட்டு, அது மட்டும் நடந்து வந்து, பிறகு லயத்துக்குப் பக்கத்தில அந்தப் பீலி அம்மாவோடயே இருந்து கதைச்சுக்கொண்டிருந்தா. வீட்டில டொஃபி குசினிக்குள்ள வந்தாலே விளக்குமாறு தூக்கிற ஆள், இறங்கி வரேக்க பாத்தா தன்ட சால்வையால அதைத் துடைச்சுக்கொண்டு இருக்கிறா, கேட்டா "ஈரத்தோட வானுக்குள்ள ஏறினா மணக்கும்" எண்டு சொல்லுறா. சரி.

பைனஸ் சருகு இறக்கத்தில சோப்பு மாதிரி வழுக்கும். சின்னவளை நாயின்ட கயிறைப் பிடிக்க விடாதேங்கோ, நாய் இழுத்தா ரெண்டு பேரும்தான் உருளுவினம்.

பாம்பு கடிச்சா? வேற நாய் கடிச்சா?

சருகுக்குள்ள இருக்கிற சின்ன விரியன், சிங்களத்தில போலொன் தெலிஸ்ஸா எண்டுவினம், அதுதான் இஞ்ச கூடக் கடிக்கிறது. கடிச்சது ஆளோ நாயோ, கட்டுப் போடுறது, கீறுறது ஒண்டும் வேண்டாம், அசையாமல் தூக்கிக்கொண்டு போங்கோ. ஆளுக்கு எண்டா 1990க்கு அடியுங்கோ, சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும்.

தேத்தண்ணிக் கடையடி நாய்களோட சண்டை வாறதுதான் உண்மையில கூட நடக்கிற விசயம். உங்கட நாய்க்கு விசர்நாய்த் தடுப்பூசி இந்த வருசம் போட்டிருக்க வேணும், கார்டை போட்டோ எடுத்து போனில வையுங்கோ. ஆளைக் கடிச்சாலோ நகத்தால கீறினாலோ பதினைஞ்சு நிமிசம் சவுக்காரம் போட்டு ஓடுற தண்ணியில கழுவி, அண்டைக்கே அரசாங்க ஆஸ்பத்திரி. நாளைக்குப் பாப்பம் எண்ட கதையே வேண்டாம்.

நோவுக்கு எண்டு நாய்க்குப் பனடோல் குடுக்காதேங்கோ, ஈரலைப் பழுதாக்கும்.

வந்த பிறகு நாய் எழும்பவே இல்லை, பயமா இருக்கு?

மற்ற நாள் டொஃபி பின்னேரம் மட்டும் படுத்தே கிடந்தது, அது களை. சாப்பாட்டைக் கண்டு எழும்பினா பிரச்சினை இல்லை. பாதத்தில வெடிப்பு இருக்கோ பாருங்கோ.

உண்ணியைத் தேடுங்கோ, காது மடிப்பு, கழுத்துப் பட்டிக்குக் கீழ, வாலடி. சாமணத்தால தோலோட ஒட்டிப் பிடிச்சு நேரா இழுங்கோ, நெருப்புக்குச்சி, மண்ணெண்ணெய் வேண்டாம். ஒண்டு ரெண்டு கிழமை கழிச்சு சாப்பாட்டை வெறுத்து, பல்லு முரசு வெளிறி, மூத்திரம் தேத்தண்ணி நிறத்தில போனா அது உண்ணிக் காய்ச்சலா இருக்கும், ரத்தம் சோதிக்க வேணும். மலைக்குப் போய் வந்தது எண்டு டொக்டரிட்டச் சொல்லுங்கோ.

அம்மாவின்ட சால்வை இன்னும் நாய் மணம். மூண்டு தரம் தோய்ச்சாச்சு.